காதில் சொல்ல வேண்டிய பேர்

"தலையை ஆட்டாத புள்ள, கீழ கங்கு கெடக்கு," என்றாள் பகவதி. செண்பகவல்லி ஆட்டவில்லை. முடியாது, முடியாது என்று விடிந்ததிலிருந்து உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்ததில் தலை தானாக ஒருதரம் அசைந்திருக்கும். நாற்பத்தொன்றாம் நாள் தலைக்கு ஊற்றிய ஈரம் முடியில் இன்னும் இருந்தது. சட்டியில் சாம்பிராணி புகைய, கவிழ்த்த கூடைமேல் முடியை விரித்துப்போட்டுப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். புகை கண்ணில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டால் வெளிக்கூடத்துச் சத்தம் மட்டும் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியை ஒவ்வொன்றாகத் தரையில் இழுத்துப் போடுகிறார் அவர், பகவதியின் தம்பி. தூக்கிப் போடத் தெரியாது அவருக்கு, இழுத்துத்தான் போடுவார். எந்தக் காரியத்தையும் அப்படித்தான் செய்வார், இந்தப் பேர்க் காரியத்தையும்கூட. பத்தரைக்குத் தொட்டில். இப்போது ஒன்பது இருபது. பத்தரை மணிக்குப் பகவதி பிள்ளையின் வலது காதுக்குள் குனிந்து மூன்று தரம் பேர் சொல்லுவாள், அத்தைக்காரிதான் சொல்ல வேண்டும், அது முறை. என்ன பேர் சொல்லுவாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். போன வருசம் போய்ச் சேர்ந்த மாமியார் பேர். அதைச் செண்பகவல்லி வாயால் சொல்ல மாட்டாள், மருமகள் சொல்லக்கூடாது. நமக்கென்ன தடை, நாம் சொல்லலாம். உலகம்மாள்.

நல்ல பேர்தான். பேரில் என்ன குற்றம் இருக்கிறது, அந்த மனுஷியிடமும் பெரிதாக ஒரு குற்றமும் இல்லை. ஆனால் மாமியார் பேரை வாயெடுத்துச் சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்பார்கள். பேரை மட்டுமா, பேரில் பாதி வருகிற சொல்லையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் மாசம் டி.வி.யில் கிரிக்கெட் ஓடியபோது உலகக் கோப்பை என்று அவள் சொல்லிவிட, சோற்றுத் தட்டோடு மாமனார் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கோப்பை, இந்தப் பூமி, இந்த ஜனங்க என்று எதை எதையோ போட்டு ஆறு வருசம் ஒப்பேற்றினாள். வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல். சுவரில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு, குச்சியால் தட்டித் தட்டி, உலகம், உலகம் என்று ஒரு நாளைக்கு நாற்பது தரம் தொண்டை கிழியச் சொல்லுவாள். அப்போதெல்லாம் யார் ஆயுசு குறைந்தது? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அத்தை கல்லுக்குண்டாகக் கீரை ஆய்ந்துகொண்டு இருப்பாள். எண்பத்தொரு வயசு வரை இருந்தாள். சரி, அவள் போயாகிவிட்டது. இனி யாருடைய ஆயுசு குறையும்? இதைக் கேட்டதற்குத்தான் ஏழாம் மாசத்தில் அவர் படுக்கையை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க அரைமணி நேரம் யாருக்காவது ஆகுமா?

அவள் ஒன்றும் அந்தப் பேரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் யாருக்கும் புரியவில்லை. எட்டாம் மாசத்தில், பெண்ணாகப் பிறந்தால் என்று, பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தாள். உலகமதி என்று ஒன்று. உலகநிலா என்று ஒன்று, அது பத்திரிகை பேர் மாதிரி இருந்தது. உலகினி. ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு, யாருமில்லாத மொட்டை மாடியில், காயப்போட்ட சேலைகளுக்கு நடுவில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். பேரை எழுதிப் பார்த்தால் போதாது, கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். சோறு ஆறுது, வா என்று கூப்பிட வேண்டும். படிச்சியா இல்லியா என்று அதட்ட வேண்டும். தெருவில் லாரி வரும்போது தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டும். உலகமதியில் மூச்சு மதிக்கு வருவதற்குள் லாரி போய்விடும். கடைசியில் வந்தது உலகி. ஏ உலகி. உலகீ. பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த பொம்பளை நிமிர்ந்து பார்த்தாள். செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த வீட்டுப் பேரும் அதற்குள் இருக்கிறது, அது புதுசாகவும் இருக்கிறது, அவள் வாய்க்கு அடங்கவும் செய்கிறது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரள் புரண்டது. அது வாயுவாகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன யோசன?" என்றாள் பகவதி. "ஒண்ணுமில்ல மைனி." "பால் கட்டுதா? கட்டுனா சொல்லு, எழுப்பி விடுதேன்." பால் கட்டத்தான் செய்தது, இரண்டு பக்கமும் கல்லாக இருந்தது, பிளவுஸ் ஓரம் நனையத் தொடங்கியிருந்தது. ஆனால் பிள்ளை தூங்குகிறது, தூங்கட்டும், பத்தரைக்கு அழாமல் இருக்க வேண்டும். இந்தப் பகவதியை வெறுக்கவும் முடியவில்லையே, அதுதான் கொடுமை. கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சுலபம். இவள் அம்மா இல்லாத பிள்ளை என்று சுரண்டையில் தன் வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு வந்து, பேறுகால மருந்தான காயம் கிண்டி, உருண்டை பிடித்து, முகம் சுளித்தாலும் விடாமல் வாயில் திணித்து, தையல் பிரிக்கிற வலியில் இவள் கத்தியபோது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். பெற்ற தாய் செய்வதையெல்லாம் செய்தாள். அப்படிச் செய்தவளிடம் பேச வேண்டியதைப் பேச வாய் வருமா? இருபதாம் நாள் ஒருவழியாகப் பேசினாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பகவதி கையை நிறுத்தாமலே சொன்னாள். "ரிஜிஸ்டர்ல நீ என்னமும் எழுதிக்கோ புள்ள, நான் வேண்டாம்னு சொல்லல. காதுல ஓதுத பேரு எங்கம்மா பேருதான். அவதான் திரும்ப வந்து பொறந்திருக்கா. அந்தப் பேர நீ சொல்லாண்டாம். நீ பாட்டுக்குப் பாப்பான்னு கூப்டுக்கோ." ஆசையாகத்தான் சொன்னாள். பிள்ளையின் தொடையில் எண்ணெயை வழித்துவிட்டுக்கொண்டே, எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடையில ஒரு மச்சம் என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பாப்பான்னு கூப்டுக்கோ. அந்தச் சொல் அன்று தொண்டையில் விழுந்தது, மீன் முள்ளாக இன்னும் அங்கேயே நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை.

பாப்பா. செண்பகவல்லி முப்பத்து மூன்று வருசம் பாப்பாவாக இருந்தவள். அப்பாவைப் பெற்றவள் பேர் செண்பகவல்லி என்பதால் அவளுக்கும் அதே பேர் வைத்தார்கள். வைத்ததோடு சரி, அம்மா மருமகள் அல்லவா, அவள் கூப்பிட முடியாது. அப்பா, பெற்ற தாயின் பேரை எப்படி வாடி போடி என்பேன் என்று அவரும் கூப்பிடவில்லை. இருந்த ஆளெல்லாம் பாப்பா என்றே கூப்பிட, கோவில்பட்டியில் அந்தத் தெருவுக்கே அவள் பாப்பா. ஐந்து வயசில் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். முதல் பெஞ்சு, ஜன்னல் ஓரம். வாத்தியார் பேர் வாசித்தார். ஒவ்வொன்றாக எழுந்து உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா. செண்பகவல்லி என்றார். யாரும் எழவில்லை. மறுபடி வாசித்தார். அவளும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள், யாரடா அது, பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளை என்று. நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டு, உங்க மக ஏன் பள்ளிக்கூடத்துக்கே வரல என்று வாத்தியார் கேட்க, அப்பா முதல் பெஞ்சைக் காட்டினார். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. கல்யாண வீடுகளில் இன்றும் யாராவது எடுத்துவிடுவார்கள், அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள். சிரித்துவிட்டு வந்து படுத்தால் அந்தப் பதிவேட்டுக் கட்டம் கண்ணில் வந்து நிற்கும், உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நேராகச் சிவப்பு மையில் நாலு வட்டம். அம்மா எழுதுவாள், அதுதான் விசித்திரம். ஒவ்வொரு ஜூன் மாசமும் நோட்டுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, எஸ். செண்பகவல்லி என்று முத்து முத்தாக எழுதுவாள். வாயால் மட்டும் வராது. செண்பகப் பூவைக்கூட மஞ்சப்பூ என்பாள். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அம்மாவை அடுப்படியில் மடக்கி, ஒரே ஒருதரம் எம்பேரச் சொல்லும்மா, யாரும் இல்ல என்றாள். அம்மா வாசலைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், பிறகு ரசத்துக்கு உப்புப் போட்டேனா பாப்பா என்றாள். கடைசியில் சாகக் கிடந்த ஆஸ்பத்திரியிலும் பாப்பா வந்துட்டாளா, பாப்பா சாப்ட்டாளா. அம்மா கையெழுத்தில் அவள் பேர் பத்து நோட்டில் இருக்கிறது, அம்மா குரலில் எங்கேயும் இல்லை. இனித் தேடினாலும் கிடைக்காது. நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது, அழுகை வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் தினம் காலையில் ஐம்பத்திரண்டு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். யார் யாரோ பெற்ற பிள்ளைகள். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள், சட்டென்று வட்டம் போட மாட்டாள். ஊரார் பிள்ளைகளுக்கு இருக்கிற வாய் சொந்தப் பிள்ளைக்கு இல்லையா? ஆனால் ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நினைப்பும் வந்தது, புகைக்குள்ளிருந்து வந்த மாதிரி. முறையை மீறிக் கூப்பிட்டு, நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், மாந்தம் வந்தால், பகவதி ஒன்றும் சொல்ல மாட்டாள், பார்ப்பாள், மாமனார் பார்த்த மாதிரி. அந்தப் பார்வையை எத்தனை வருசம் தாங்குவது? காய்ச்சல் வராத பிள்ளை எங்கே இருக்கிறது, பாப்பா என்றே கூப்பிட்டும் எனக்கு வரவில்லையா, அம்மை போட்டு இருபது நாள் வேப்பிலையில் கிடக்கவில்லையா என்று தன்னோடு தானே மல்லுக்கு நின்றாள். நின்றவளுக்குத் திருச்செந்தூர் ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று எவ்வளவு அமுக்கி வைத்திருந்தாள்.

மூன்று வருசத்துக்கு முன்னால், மாசித் திருவிழா. அவர் செருப்பு விடப் போயிருந்தார், அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் இவள். ஒரு கூட்டம் குறுக்கே புகுந்தது, கை விட்டுப்போயிற்று. அவ்வளவுதான். எம்பி எம்பிப் பார்த்து, அத்தே, அத்தே என்று கத்தினாள். திரும்பிப் பார்த்த தலைகள் நாற்பது இருக்கும், அங்கே வந்திருந்த பொம்பளைகளில் யாருக்குத்தான் மருமகள் இல்லை? ஓடிப்போய் மைக் பந்தலில் நின்றாள். மைக்கைப் பிடித்திருந்தவர் பேர் சொல்லும்மா என்றார். பேர். வாய் திறந்தது, நாக்கு எழவில்லை. பேப்பர் இருக்கா, எழுதித் தாரேன் என்றாள். இந்தக் கூட்டத்துல பேப்பருக்கு எங்க போவேன், வாயால சொல்லும்மா. மகன் பேரையாவது சொல்லு. அது புருசன் பேர், அதுவும் ஆகாது. ஐம்பத்திரண்டு பேரை மூச்சுவிடாமல் வாசிக்கிறவள் அங்கே ஊமையாக நின்றாள். கடைசியில் அவராக ஒன்றைப் போட்டார். தென்காசியிலிருந்து வந்திருக்கும் அத்தை எங்கிருந்தாலும் மைக் பந்தலுக்கு வரவும், உங்கள் மருமகள் காத்திருக்கிறார். கூட்டம் குப்பென்று சிரித்தது. அஞ்சு பேர் வந்து நின்றார்கள், தென்காசி அத்தைகள், நம்ம அத்தை இல்லை. அத்தை கடற்கரையில் சுடுமணலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், உதடு வெடித்து, சேலையெல்லாம் மணலாக. திரும்பி வருகிற பஸ்ஸில் பனங்கிழங்கு நாரை உரித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "மைக்குல நீ எம்பேரச் சொல்லுவன்னு பாத்தேன். சொல்லிருந்தா நானும் ஒருமட்டம் கேட்ருப்பேன். உங்க மாமா இந்தாம்பாக, புள்ளைக அம்மாங்கும், நீ அத்தம்ப. எம்பேர யாரும் கூப்ட்டு அம்பது வருசமாச்சு, இல்லாமலே போச்சோன்னு இருக்கு." சொல்லிவிட்டு அவள் கிழங்கைத் தின்றாள். செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை, பகவதியிடம் சொல்லவே முடியாது, உங்கம்மாவை வெயிலில் காயப்போட்டது என் வாய்தான் என்று எப்படிச் சொல்ல?

"முடிஞ்சிது, எந்தி," என்றாள் பகவதி. முடியை ஒதுக்கி, பூ வைத்து, சேலை மடிப்பைத் தட்டிவிட்டாள். வாசலில் அவர் எட்டிப் பார்த்தார், பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முகம் பரீட்சை எழுதப் போகிற பையன் முகம். பகவதி பிள்ளையை எடுக்கப் போன சமயம் பார்த்து, "அக்காட்ட ஒண்ணும் பேசிராத, சபையில நல்லாருக்காது. பொறவு நாமளா என்னமும் கூப்டுக்கிடலாம்," என்றார். "பொறவுன்னா எப்ப?" என்றாள். "பொறவுதான்." பொறவு எப்போதும் வராது என்று அவளுக்குத் தெரியும். அம்மாவும் பொறவு, பொறவு என்றுதான் இருந்தாள். அவளுக்குப் பயம்தான். பயமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பயந்துகொண்டே சொல்ல முடியாதா? முதல் நாள் வகுப்பில் நின்றபோது பயப்படவில்லையா? கூடத்துக்கு நடந்தாள். சொந்தக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள், மாமனார் மூலையில் சாய்வு நாற்காலியில், சுவரில் மாலை போட்ட படத்துக்குள் அத்தை. படத்துக்குக் கீழேயும் பேர் இல்லை, அன்னை என்று போட்டு, பிறந்தது, மறைந்தது, அவ்வளவுதான். இத்தனை நாள் இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்று இருந்தது.

பாயில் உட்காரவைத்து, மடியில் பிள்ளையைக் கொடுத்தார்கள். விழித்துவிட்டது, அழவில்லை, அவள் தாலிக் கயிறு உள்ளங்கையில் பட, பிடித்துக்கொண்டது. யாரோ குலவை போட்டார்கள். மணி பத்தரை. பகவதி வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு, கண் கலங்க, பிள்ளையின் வலது காதுக்குக் குனிந்தாள். செண்பகவல்லி தன் உள்ளங்கையால் அந்தக் காதைப் பொத்தினாள். சின்னக் காது, கைக்குள் சூடாக இருந்தது. "என்ன புள்ள?" என்றாள் பகவதி. "ஒரு நிமிசம் மைனி." எல்லாரும் பார்க்கிறார்கள். அவர் தரையைப் பார்க்கிறார். அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, வகுப்பில் வாசிக்கிற குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "உலகம்மாள்." சாய்வு நாற்காலியில் மாமனாரின் கை, கைப்பிடியை விட்டு எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. "எங்கத்தை பேரு உலகம்மாள். திருச்செந்தூர்ல வாய் வராம நின்னேன், ரெண்டு மணி நேரம் வெயில்ல கெடந்தாக. எம்பேர யாரும் கூப்ட்டு அம்பது வருசமாச்சுன்னு எங்கிட்டதான் சொன்னாக மைனி, ஒங்ககிட்ட சொல்லல. இன்னொரு பிள்ளைக்கும் அந்தப் பேர வச்சி, அதையும் யாரும் கூப்புடாம மூடி வைக்க நான் விட மாட்டேன். எம்பிள்ளைய நான் கூப்புடணும். வையணும், அதட்டணும், தெருவுல நின்னு கத்தணும்." கையை எடுத்தாள். குனிந்தாள். காதுக்குள் ரகசியமாகச் சொல்லவில்லை, முப்பது பேருக்கும் கேட்கச் சொன்னாள். "உலகி." பிள்ளை தாலிக் கயிற்றை விட்டது. "உலகி. உலகி." மூன்று தரம் ஆயிற்று.

பகவதி எழுந்துவிட்டாள். வாயை மறைத்திருந்த வெற்றிலை கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அழுகையா கோபமா என்று தெரியாமல் உதடு கோணியது. ஆறு வருசமாக ஏ புள்ள, எம்மா, தம்பி பொண்டாட்டி என்று மட்டுமே அழைத்த வாய், இன்றைக்கு அந்த வார்த்தை எதுவும் போதாமல், திணறி, கடைசியில் கல்யாணப் பத்திரிகையில் அடித்திருந்த பேரைத் தேடிப் பிடித்துக்கொண்டு, வீடு அதிரக் கத்தியது.

"ஏ செண்பகவல்லீ!"

அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் பிள்ளையோடு முதுகை நிமிர்த்தினாள். "உள்ளேன்," என்றாள்.